அறக்கொடையும் அதன் கணக்கும்

ஈகை என்னும் அறம் பண்டை நாளில் இருவரிடையே நிகழ்ந்தது. ஈவோன் ஒருவன், ஏற்போன் மற்றொருவன். வாயிலில் வந்து நின்ற பசித்தவனுக்குச் சோறிட்ட இல்லாள், அவன் உண்டு பசியாறியதையும் தன் கண்ணாற் கண்டாள். கொடுத்த பொருள் உரிய இடத்தைச் சேர்ந்ததோ என்னும் ஐயம் அங்கு எழுவதற்கு இடமில்லை. இக்காலத்திலோ ஈவோனுக்கும் ஏற்போனுக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் வந்து நிற்கின்றார். அவரே அறநிலையம். கடலுக்கு அப்பால் வெள்ளத்தால் வீடிழந்தவனுக்கும், பெயர் அறியாத நோயாளிக்கும், பிறவாத தலைமுறைக்கும் உதவ விரும்பும் ஒருவன் இம் மூன்றாமவரின் கையிலேயே பொருளை ஒப்படைக்க வேண்டியவனாகின்றான்.

இவ்வேற்பாட்டில் இயல்பாகவே ஒரு குறை உண்டு. சந்தையில் அரிசி வாங்குபவன், அரிசி கெட்டதாயின் மறுநாள் அக்கடைக்குப் போகமாட்டான். பணம் கொடுப்பவனும் பொருளைப் பெறுபவனும் அங்கு ஒருவனே. அறநிலையத்தின் நிலை அவ்வாறன்று. பணம் கொடுப்பவன் பயனைக் காண்பதில்லை. பயனைப் பெற வேண்டியவன் பணம் கொடுத்தவனல்லன். தனக்கென எவ்வளவு வந்தது என்பதையே அறியாத ஏழை, அதில் எவ்வளவு குறைந்தது என்று எங்ஙனம் முறையிடுவான்? ஆகவே இடையில் நிற்பவர் நல்லவராயினும் அல்லவராயினும், அவரைக் கேள்வி கேட்கும் கடமை ஈந்தவனையும் அரசையுமே சார்கின்றது. அக்கேள்விக்குப் பெயர்தான் கணக்கு.

கணக்குக் கேட்பது ஈகையின் பெருமைக்கு இழுக்கு என்று கருதுவாரும் உளர். "கொடுத்தபின் கேட்பது அழகன்று" என்பர். நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் சான்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919 ஆம், 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையால் உறுப்பினரைத் தெரிவதற்கான விதிகளைக் கூறுகின்றன. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது விட்டவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் ஓலையிடப்படும் தகுதியை இழப்பர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. பொதுப் பொருளைக் கையாண்டவன் கணக்குக் காட்ட வேண்டும் என்பதும், காட்டாமையே ஒரு குற்றம் என்பதும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் எழுதப்பட்ட கொள்கைகளாம்.

சட்டத்தின் வரலாறு

மேனாட்டில் இத்துறையின் சட்டம் இங்கிலாந்திலே தொடங்குகின்றது. எலிசபெத் அரசியின் ஆட்சியில் 1601 இல் இயற்றப்பட்ட தரும உபயோகச் சட்டம், அறக்கொடைகள் கொடுத்தோர் கருதிய வழியிற் செலவாகின்றனவா என விசாரிக்க ஆணையாளரை நியமிக்க வழிசெய்தது. அறம் எனப்படுவன எவை என்று அதன் முகவுரை தந்த பட்டியல் பிற்காலத்து வழக்குகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று. 1853 இல் நிரந்தரமான தரும ஆணைக்குழு அங்கு நிறுவப்பட்டது. இன்று அவ்வாணைக்குழுவின் பதிவேட்டில் அறநிலையங்களின் வரவு செலவை எவரும் பார்வையிடலாம். தருமகர்த்தாக்கள் பொதுவாகச் சம்பளமின்றியே பணியாற்ற வேண்டும் என்பதும் அந்நாட்டின் நீண்டகால மரபாகும்.

ஐக்கிய அமெரிக்கா வேறொரு வழியை மேற்கொண்டது. அங்கு அறநிலையங்களுக்கு வருமான வரி இல்லை. அவற்றுக்குக் கொடுப்போரும் வரிச்சலுகை பெறுகின்றனர். சலுகை பெற்றவர் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நியாயத்தின்மீது, ஆண்டுதோறும் இறைவரித் திணைக்களத்துக்கு ஒரு விபரப் படிவத்தை அனுப்புமாறு 1940 ஆம் ஆண்டுகளிலிருந்து அவை பணிக்கப்பட்டன. அதுவே 990 ஆம் இலக்கப் படிவம். திருக்கோயில்கள், தேவாலயங்கள் முதலிய வழிபாட்டு நிலையங்களுக்கு இக்கடமை இல்லை. மிகச் சிறிய சங்கங்கள் சுருக்கமான அறிவித்தலோடு அமையலாம். ஏனைய நிலையங்கள் தொடர்ந்து மூன்று ஆண்டு படிவம் அனுப்பாது விட்டால், 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றின் வரிவிலக்குத் தானே நீங்கிவிடும்.

இப்படிவத்தின் சிறப்பு அது இரகசியமன்று என்பதேயாகும். தனிமனிதனுடைய வரிப் படிவத்தைப் பிறர் காண முடியாது. அறநிலையத்தின் படிவத்தையோ எவரும் கேட்கலாம். அலுவலகத்துக்கு நேரிற் சென்று கேட்பவருக்குக் கடந்த மூன்று ஆண்டுப் படிவங்களைக் காட்டுவதும், எழுதிக் கேட்பவருக்கு முப்பது நாட்களுக்குள் பிரதி அனுப்புவதும் நிலையத்தின் கடமை. அல்லது எல்லாரும் காண அவற்றை வெளியிட்டிருத்தல் வேண்டும். இன்று இப்படிவங்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆகவே நூறு டொலர் கொடுக்க விரும்பும் தொழிலாளியும், ஒரு கோடி டொலர் கொடுக்கும் செல்வனும் ஒரே ஏட்டைப் புரட்டிப் பார்க்க இயலும்.

மூன்று நிரல்கள்

இப்படிவத்தில் முதலிற் காணத்தக்கது செலவுப் பட்டியல். சம்பளம், வாடகை, அச்சு, பயணம் என ஒவ்வொரு செலவும் மூன்று நிரல்களாகப் பிரித்துக் காட்டப்படும். முதல் நிரல் அறப்பணிக்கு நேரே செலவானது. இரண்டாவது நிருவாகச் செலவு. மூன்றாவது பணம் திரட்டுவதற்கான செலவு. மொத்தச் செலவில் முதல் நிரல் நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பதே பலரும் அறிந்த அளவுகோல். அமெரிக்காவில் அறநிலையங்களை மதிப்பிடும் ஒரு பழைய நிறுவனம், நூற்றுக்கு 65 பங்காவது அறப்பணிக்குப் போக வேண்டும் என்றும், திரட்டிய கொடையில் நூற்றுக்கு 35 பங்குக்கு மேல் திரட்டும் செலவாகக் கூடாது என்றும் விதித்துள்ளது.

இவ்வளவுகோல் எளியது. எளியது ஆதலினாலேயே ஏமாற்றுவதற்கும் எளியது. அது எங்ஙனம் என்பதை ஓர் உதாரணத்தாற் காணலாம். ஒரு நிலையம் மக்களிடம் 100 இலட்சம் ரூபா திரட்டுகின்றது என்று கொள்க. திரட்டித் தந்த தரகருக்கு 85 இலட்சமும், நிருவாகத்துக்கு 12 இலட்சமும் போக, நோயாளிக்குச் சென்றது 3 இலட்சம். அறப்பணியின் பங்கு நூற்றுக்கு 3 மட்டுமே. இந்நிலையம் வேறொருவர் கொடுத்த மருந்துகளைப் பெற்று, அவற்றுக்கு 300 இலட்சம் ரூபா எனத் தானே விலைமதித்து, அயல்நாடொன்றுக்கு அனுப்பியதாகக் கணக்கெழுதுகின்றது. இப்பொழுது மொத்தச் செலவு 400 இலட்சம். அறப்பணி 303 இலட்சம். நூற்றுக்கு 3 என்றிருந்த பங்கு நூற்றுக்கு 75 க்கு மேல் உயர்ந்துவிட்டது. நோயாளியின் கைக்கு ஒரு சதமேனும் கூடுதலாகப் போகவில்லை.

இது கற்பனைக் கணக்கே எனினும், இதனை ஒத்த குற்றச்சாட்டு நீதிமன்றம் ஏறியதுண்டு. புற்றுநோயாளருக்கு உதவுவதாகக் கூறிய நான்கு அமெரிக்க நிலையங்கள்மீது 2015 மே மாதத்தில் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவும், 50 மாநிலங்களும், தலைநகர் மாவட்டமும் ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடுத்தன. 2008 ஆம் ஆண்டு முதல் 2012 வரை அந்நிலையங்கள் திரட்டிய தொகை 18 கோடியே 70 இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. அதில் பெரும்பகுதி பணம் திரட்டிய தரகருக்கும், நிலையங்களை நடத்தியவருக்கும், அவருடைய சுற்றத்தாருக்குமே பயன்பட்டது என்பது வழக்காளர் கூற்று. கார்களும், உல்லாசக் கடற்பயணங்களும், கல்லூரிக் கட்டணங்களும் கொடைப் பணத்திலிருந்து கொடுக்கப்பட்டன என்று குற்றம் சாட்டப்பட்டது. 22 கோடி டொலருக்கு மேற்பட்ட பொருட்கொடைகளைத் தம் கணக்கிற் சேர்த்து அந்நிலையங்கள் தம்மைப் பெரியனவாகவும் சிக்கனமானவையாகவும் காட்டின என்பதும் அக்குற்றச்சாட்டுக்களுள் ஒன்று. இரண்டு நிலையங்கள் உடனேயும், எஞ்சிய இரண்டும் 2016 இலும் இணக்கத்துக்கு வந்தன; அவை கலைக்கப்படலாயின.

மற்றொரு வழியும் உண்டு. கொடை கேட்டு எழுதும் கடிதத்தின் அடியில், "புகைத்தலைத் தவிர்க்குக" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், அக்கடிதத்தின் தபாற் செலவிற் பாதியை மக்களுக்குக் கல்வி புகட்டிய செலவு என எழுதிக்கொள்ள முடியும். இதனைக் கட்டுப்படுத்த 1998 இல் அமெரிக்கக் கணக்காளர் கழகம் விதி வகுத்தது. அக்கடிதத்தின் நோக்கம் என்ன, அது யாருக்கு அனுப்பப்பட்டது, அதில் அடங்கியது யாது என்னும் மூன்றையும் ஆராய்ந்த பின்னரே செலவைப் பிரிக்கலாம் என்பது அவ்விதி. ஆதலின் கணக்கைப் படிப்பவர் நூற்றுவீதத்தோடு நின்றுவிடாது, பொருட்கொடை எவ்வளவு, பணக்கொடை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தலும், தரகருக்குச் சென்ற தொகையைத் தனியே நோக்குதலும் வேண்டும்.

தரகருக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கலாகாதோ என வினவலாம். அமெரிக்க மாநிலங்கள் சில அவ்வாறு முயன்றன. 1980, 1984, 1988 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் அத்தகைய சட்டங்களைச் செல்லாதன எனத் தீர்த்தது. கொடை கேட்பதும் ஒருவகைப் பேச்சு. பேச்சுரிமையை நூற்றுவீதத்தால் அளக்கலாகாது என்பது அதன் கருத்து. புதிய நிலையமும், மக்கள் விரும்பாத கொள்கைக்காக உழைக்கும் நிலையமும் தொடக்கத்தில் அதிகம் செலவிட்டே ஆதரவு தேட வேண்டியிருக்கும் என்பதையும் மறுத்தற்கில்லை. ஆனால் பொய் கூறிப் பணம் திரட்டுவோர்மீது மோசடி வழக்குத் தொடுக்கத் தடையில்லை என 2003 இல் அந்நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. சட்டம் மோசடியைத் தண்டிக்கும். வீண்செலவைத் தடுக்கும் பொறுப்புப் பெரும்பாலும் கொடுப்பவனுடைய கண்ணிலேயே விடப்பட்டுள்ளது.

நிருவாகியின் சம்பளம்

கொடுப்போர் மனத்தை மிகவும் வருத்துவது அறநிலையத் தலைவரின் சம்பளமாகும். "ஏழைக்கென்று கொடுத்த பணம் இவருக்கோ?" என்ற வினா எழுவது இயல்பே. அவ்வினாவுக்கு விடை காண முன்னர் இரண்டு உண்மைகளை நினைவிற் கொள்ள வேண்டும். முதலாவது, சேவை எனின் ஊதியமின்றிச் செய்வதே என்ற எண்ணம் சிறிய சங்கத்துக்குப் பொருந்தும். ஆயிரம் ஊழியரும் பல நாடுகளிற் கிளைகளும் உடைய நிலையத்துக்குப் பொருந்தாது. மருத்துவசாலையை நடத்தத் தெரிந்தவர் வேண்டும். தெரிந்தவருக்குக் குடும்பமும் உண்டு. இரண்டாவது, தொகையை மட்டும் பார்ப்பது போதாது. ஆண்டொன்றுக்குப் பத்துக் கோடி ரூபா செலவிடும் நிலையத்தில் தலைவர் 50 இலட்சம் பெற்றால் அது நூற்றுக்கு 5. ஐம்பது இலட்சம் செலவிடும் நிலையத்தில் தலைவர் 15 இலட்சம் பெற்றால் அது நூற்றுக்கு 30. சிறிய சம்பளமே பெரிய சுமையாக இருத்தல் கூடும்.

எனவே வினாவை வேறுவிதமாகக் கேட்க வேண்டும். இச்சம்பளத்தைத் தீர்மானித்தவர் யார்? அவர் தலைவரின் உறவினரோ, தலைவரால் நியமிக்கப்பட்டவரோ, அன்றிப் பற்றற்ற பிறரோ? ஒத்த பணிக்குப் பிற நிலையங்கள் கொடுப்பதை அவர் ஒப்பிட்டுப் பார்த்தனரா? முடிவும் அதன் காரணமும் எழுதி வைக்கப்பட்டனவா? 990 ஆம் படிவம் இம்மூன்றையும் நேராகவே கேட்கின்றது. பணிப்பாளர், பிரதம அதிகாரிகள் ஆகியோரின் பெயரும் ஊதியமும் அதில் எழுதப்படும். 1,50,000 டொலருக்கு மேற்பட்ட ஊதியம் பெறுவோருக்கு அடிப்படைச் சம்பளம், ஊக்கத் தொகை, ஓய்வூதியம் முதலியவற்றைப் பிரித்துக் காட்டும் தனி அட்டவணை உண்டு. நிலையத்துக்கும் அதன் தலைவரின் குடும்பத்துக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கல்களுக்கு மற்றோர் அட்டவணை உண்டு. பெரிய சம்பளத்தை விட, அவ்வட்டவணையிற் காணும் ஒரு சிறிய கடன் அதிகம் பேசுதல் கூடும்.

இவ்விதிகள் வெறுமனே பிறக்கவில்லை. அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ச் சங்கங்களை இணைத்த யுனைற்றெட் வே என்னும் பெரும் அறநிலையத்தின் தலைமையை வில்லியம் அரமோனி என்பவர் 1970 முதல் வகித்தார். அதனைப் பெரிதாக வளர்த்தவரும் அவரே. தொழிலாளர் தம் வாராந்தச் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகக் கொடுத்த பணம் அந்நிலையத்தின் உயிர்நாடி. 1992 இல் அவருடைய ஊதியமும் பிற படிகளும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,63,000 டொலர் என்ற செய்தியும், அவருடைய ஆடம்பரப் பயணங்கள், நிலையத்திலிருந்து கிளைத்த கம்பெனிகள் பற்றிய செய்திகளும் பத்திரிகைகளில் வெளிவந்தன. ஊர்ச் சங்கங்கள் பல தலைமையகத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கை நிறுத்திவைத்தன. அரமோனி பதவி விலகினார். 1995 இல் மோசடி முதலிய குற்றங்களுக்காக அவருக்கு ஏழு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்வரலாற்றிற் கருதத்தக்கது ஒன்று உண்டு. அவர் தண்டிக்கப்பட்டது பெரிய சம்பளம் பெற்றதற்காக அன்று. நிலையத்தின் பணத்தைத் தம் சொந்த இன்பங்களுக்குப் பயன்படுத்தியதற்காகவே. எனினும் மக்களின் மனம் இவ்விரண்டையும் வேறுபடுத்தவில்லை. தலைவர் ஒருவர் செய்த பிழைக்காக, எப்பிழையும் அறியாத ஊர்ச் சங்கங்கள் கொடையை இழந்தன. அச்சங்கங்களை நம்பியிருந்த முதியோரும் குழந்தைகளுமே ஈற்றில் அதன் சுமையைத் தாங்கினர். அறநிலையத்தில் நிகழும் களவு பிற களவுகளினும் கொடியது என்பதற்குக் காரணம் இதுவே. அது பணத்தை மட்டுமன்றி, இனிக் கொடுக்க எண்ணும் மனத்தையும் களவாடிச் செல்கின்றது.

இதற்கு நான்கு ஆண்டுகளின் பின், 1996 இல், அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குமுன் இறைவரித் திணைக்களத்தின் கையில் இருந்த கருவி வரிவிலக்கை நீக்குவது ஒன்றே. அது தலைவரின் குற்றத்துக்கு நிலையத்தையே கொல்வதற்கு ஒப்பாகும். புதிய சட்டப்படி, நியாயமான அளவுக்கு மேல் பெற்றவரே அம்மேலதிகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 25 வரியும் செலுத்த வேண்டும். திருப்பிக் கொடாவிடின் வரி நூற்றுக்கு 200 ஆகும். தெரிந்தே அதற்கு இசைந்த நிருவாகிகளும் வரிக்கு உட்படுவர். பற்றற்ற சபையொன்று, ஒப்பீட்டுத் தரவுகளை ஆராய்ந்து, காரணத்தை எழுதி வைத்துச் சம்பளத்தைத் தீர்மானித்திருப்பின், அது நியாயமானது என்றே முதலிற் கொள்ளப்படும். பின்னர் 2017 இல் இயற்றப்பட்ட வரிச் சட்டம், பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட ஊதியத்தின் மேற்பகுதிக்கு நூற்றுக்கு 21 வரியை நிலையத்தின்மீது விதித்தது.

சிக்கனமும் பயனும்

இதுவரை கூறியவற்றால், நிருவாகச் செலவு எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவு நிலையம் சிறந்தது என்று முடிவு செய்தல் பிழையாகும். கணக்காளர் ஒருவரை நியமியாத நிலையத்தில் நிருவாகச் செலவு குறைவு. களவு நிகழ வாய்ப்பு அதிகம். மருந்து பயனளித்ததா என ஆராயாது வழங்கிய நிலையத்தின் நூற்றுவீதம் அழகாயிருக்கும், நோயாளி குணமடைந்திரான். 2013 இல், அறநிலையங்களை மதிப்பிடும் மூன்று அமெரிக்க நிறுவனங்களின் தலைவர்கள் கொடையாளருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினர். நிருவாகச் செலவின் வீதத்தை மட்டும் கொண்டு ஒரு நிலையத்தை மதிப்பிடற்க என்பதே அக்கடிதத்தின் சாரம். அவ்வீதத்தைப் பல ஆண்டுகளாக மக்களுக்குப் பரப்பியவர்களே அவ்வாறு எழுதியமை குறிப்பிடத்தக்கது. மிக உயர்ந்த வீதம் அபாயத்தின் அறிகுறியாகலாம். மிகத் தாழ்ந்த வீதம் சிறப்பின் அறிகுறியாகாது.

ஆகவே அறிவுடைய கொடையாளன் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. இந்நிலையம் சென்ற ஆண்டு செய்வதாகச் சொன்னது யாது, செய்தது யாது? ஓராண்டுக் கணக்கன்றி மூன்று ஆண்டுக் கணக்கும் கிடைக்கின்றதா? அதனைப் பிறர் ஒருவர் கணக்காய்வு செய்தனரா? பணிப்பாளர் சபை உண்மையிற் கூடுகின்றதா, அன்றி ஒரு குடும்பத்தின் பெயர்ப்பட்டியல் மட்டுமா? கேட்டபொழுது விடை கிடைத்ததா, கோபம் கிடைத்ததா? கடைசிக் கேள்விக்குரிய விடையே பெரும்பாலும் முன்னைய நான்குக்கும் விடையாகி விடும்.

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் தரும நம்பிக்கைப் பொறுப்புக்களைப் பற்றித் தனி அத்தியாயமே கொண்டுள்ளது. அத்தகைய தருமத்தில் அக்கறையுடைய ஐவர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை அணுகவும், கணக்குக் கேட்கவும் அது இடமளிக்கின்றது. எமது சைவ ஆலயங்கள் பலவற்றின் வழக்குகள் இச்சட்டத்தின் கீழேயே நடந்துள்ளன. 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் தொண்டர் சமூகசேவை நிறுவனங்களின் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் வழிவகுத்தது. ஆயினும் வழக்கு என்பது நோய் முற்றிய பின் கொடுக்கும் மருந்து. ஐவர் நீதிமன்றம் போக வேண்டிய நிலை வருமுன், ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து வரவு செலவு அறிக்கையைக் கேட்பாராயின் அதுவே நோய் வராமற் காக்கும்.

ஆனால் அவ்வாறு எழும் ஒருவரைச் சபை நோக்கும் பார்வை எத்தகையது? அவர் குழப்பக்காரர், நன்கொடையைத் தடுப்பவர் என்று எண்ணுவோர் பலர். உண்மை இதற்கு மாறானது. கணக்கைக் கேட்பவர் நேர்மையான பொருளாளருக்கு நண்பர். அவர் மீது பின்னர் எழக்கூடிய பழியை முன்னரே நீக்குபவர். கேள்வியே எழாத சபையில் நல்லவரும் தீயவரும் ஒரே நிறமாகத் தோன்றுவர். கேள்வி எழும் சபையிலேதான் நல்லவர் வேறாகத் தெரிவர்.

வாயிலிற் சோறிட்ட இல்லாளின் கண்ணை இக்காலத்துக் கொடையாளன் இழந்துவிட்டான். அக்கண்ணுக்குப் பதிலாக அவனுக்கு எஞ்சியிருப்பது கணக்கேடு ஒன்றே. அதனைத் திறந்து வைத்தல் அறநிலையத்தின் கடன். திறந்ததைப் படித்தல் கொடுத்தவனின் கடன். இவ்விரண்டும் நிகழுமிடத்தே, கொடுத்த கைக்கும் வாங்கிய கைக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவாயினும், இட்ட சோறு பசித்தவனைச் சென்று சேரும்.